கால் ஊன்றினால் ஃபெயில்

மஞ்சள் துப்பட்டா நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது பின்சக்கரத்தில் போய்ச் சிக்கிக்கொள்ளும், எடுத்து இடுப்பில் முடிச்சுப் போடு என்று அதட்டியது ஞாபகம் இருக்கிறது. வளைவு வந்ததும் அந்தப் பெண் கண்ணை இறுக்க மூடிக்கொள்வாள், கண்ணை மூடிக்கொண்டு ஸ்கூட்டி ஓட்ட முடியும் என்று உலகத்தில் நம்பியவள் அவள் ஒருத்திதான், அதுவும் ஞாபகம் இருக்கிறது. மைதான வேலிக்கு வெளியே டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு மகளைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டு நின்ற அவளுடைய அப்பாவின் கட்டம் போட்ட சட்டைகூட ஞாபகம் இருக்கிறது. பெயர்தான் இல்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு போய்ப் போய்த் தடவுகிற மாதிரி நாச்சிமுத்துவின் மனசு நேற்று ராத்திரியிலிருந்து அந்த ஒரே இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத இந்த நேரத்தில், மனைவி சாந்தாமணி பால் வாங்கி வருவதற்குள், காப்பிகூடக் குடிக்காமல் மொட்டைமாடிக்கு ஏறி வந்து வெறுங்காலோடு எட்டுப் போட ஆரம்பித்துவிட்டார். எட்டு என்றால் எட்டுதான். தெற்கே ஒரு வளையம், வடக்கே ஒரு வளையம், நடுவில் இரண்டும் வெட்டிக்கொள்கிற இடம். அதைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும், சுற்றிக்கொண்டு மறுபடி இந்தப் பக்கம் வர வேண்டும். நாமக்கல்லில் பாதிப் பேர் பார்க்கிலும் மாடியிலும் இப்படித்தான் சுற்றுகிறார்கள், சர்க்கரைக்கு ஒருவர், முட்டிவலிக்கு ஒருவர், வீட்டில் இருக்க முடியாமல் ஒருவர். நாச்சிமுத்து சுற்றுவது வாதத்துக்கு. மாசியில் இடது கையும் இடது காலும் விழுந்தன. இப்போது ஐப்பசி. கை எழுந்துவிட்டது, கால் எழுந்துகொண்டிருக்கிறது, தலை எப்படி என்பதுதான் கேள்வி.

நேற்று சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள். வந்தாள் என்றா சொல்வது, காரில் வந்து இறங்கினாள். இந்தச் சந்தில் கார் கொண்டுவருகிறவர்கள் எல்லாம் முன்னே பின்னே ஏழெட்டுத் தரம் முட்டி மோதி, கடைசியில் யாராவது ஒரு பெரிய மனுஷர் வந்து கையை ஆட்டித்தான் நிறுத்துவார்கள். நேற்று வந்த கார் ஒரே வீச்சில் பின்னால் வந்து சுவரோரம் நின்றது. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து கிளட்ச் சத்தத்தைக் கேட்டே, இது நம்ம டிரைவிங் ஸ்கூலில் பழகின ஆள் என்று தெரிந்துகொண்டார். அந்தச் சத்தம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை, இது என்ன கணக்கு. கையில் ஸ்வீட் பெட்டியோடு வாசலில் நின்று, "சார், ஞாபகம் இருக்குங்களா?" என்று சிரித்தாள். "ஏம்மா, உன்னைத் தெரியாதா!" என்று இவரும் சிரித்தார். பொய். முகம் தெரிந்தது, பெயர் தொண்டை வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது. உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு வந்தாளாம், சேலத்தில் வேலையாம், இரண்டு குழந்தைகளாம். அவ்வளவு நேரமும் வாம்மா, போம்மா, சாப்பிடும்மா என்றே ஓட்டிவிட்டார், ஒரு தரம்கூடப் பெயர் சொல்லவில்லை. சாந்தாமணி கவனித்திருப்பாளோ? அவள்தான் வாசல் வரைக்கும் போய் வழியனுப்பினாள், திரும்பி வந்தவள் ஒன்றும் பேசாமல் ஸ்வீட் பெட்டியை ஃபிரிட்ஜில் வைத்தாள். ஒன்றும் பேசாததுதான் பயம். இவருடைய அப்பாவுக்கும் மறதி பெயரில்தான் ஆரம்பித்தது. அப்பா லாரி டிரைவர், வடக்கே எந்த ஊரில் எந்த ஓட்டலில் தால் நன்றாக இருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். வாதம் வந்து படுத்த கொஞ்ச நாளில் கிளீனருடைய பெயர் போயிற்று. பிறகு ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு ஒருநாள் வாசலில் வந்து நின்ற நாச்சிமுத்துவையே பார்த்து, "ஏப்பா கிளீனரு, டயர்ல காத்துப் பாத்தியா?" என்று கேட்டார். பார்த்துவிட்டேனுங்க என்று சொல்ல வேண்டியிருந்தது. வேறென்ன சொல்வது.

அதனால்தான் ராத்திரி படுக்கையில் ஒரு முடிவு செய்திருந்தார். காலை நடை முடிவதற்குள் பெயர் வந்துவிட வேண்டும். வந்துவிட்டால் ஒன்றுமில்லை, தலை நன்றாக இருக்கிறது. வராவிட்டால் இன்றைக்கே சாந்தாமணியை உட்காரவைத்து, எனக்கு மறக்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிவிடுவது. சொன்னால் அடுத்தது என்ன என்று தெரியும். மகன் கதிர் ஓசூரிலிருந்து வாரம் தவறாமல் போனில் சொல்கிறான், "மறதி கிறதின்னு ஏதாச்சும் வந்தா ஒடனே சொல்லீருங்கப்பா, ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்க, நான் பாத்துக்கறேன்." நல்ல பையன்தான். அவன் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது, சோபா பெரிசு, டிவி அதைவிடப் பெரிசு, மொட்டைமாடிக்கு மட்டும் பூட்டுப் போட்டிருப்பார்கள். இந்த வீட்டை விட்டுப் போனால் சாந்தாமணி வாடிவிடுவாள், சொல்ல மாட்டாள், வாடுவாள். யாரிடமாவது பெயரைக் கேட்டுவிட்டால் என்ன? இப்போது ஸ்கூலைப் பார்த்துக்கொள்கிற தங்கை மகனுக்கு ஒரு போன் போட்டால் போதும், பழைய ஆட்கள் பெயரெல்லாம் அவனுக்கு அத்துப்படி. கூடாது. கேட்டால் கால் ஊன்றின மாதிரி. ஆர்.டி.ஓ. மைதானத்தில் டூவீலர் லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிறவன் கோட்டைத் தொடலாம், வண்டி திணறலாம், ஆனால் காலைத் தரையில் வைத்துவிட்டால் பிரேக் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிடுவார். போய் வேறொரு நாள் வா. இத்தனை வருஷம் மைதான ஓரத்தில் நின்றுகொண்டு, கால் ஊன்றாதே, கால் ஊன்றாதே என்று கத்தித்தான் நாச்சிமுத்து வீடு கட்டினார், மகனைப் படிக்கவைத்தார். இப்போது தனக்கு மட்டும் சலுகையா? அந்தப் பெண்கூட எத்தனை தரம் ஊன்றியிருப்பாள். ஊன்றிவிட்டு அழுவாள். கடைசி நாளில்தான் இவர் ஏதோ ஒன்று சொன்னார், அவள் பெயரை வைத்து ஏதோ கிண்டல், மைதானமே சிரித்தது, இன்ஸ்பெக்டர்கூடச் சிரித்துவிட்டார், அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே எட்டைப் போட்டு முடித்துவிட்டாள். என்ன கிண்டல்? அதுவும் போய்விட்டது. சிரிப்பு மட்டும் பாக்கி இருக்கிறது.

குதிரை. இதோ மறுபடியும் குதிரை வருகிறது. ராத்திரியிலிருந்து இந்தக் குதிரை வேறு. பெயரைத் தேடிப் போனால் அங்கே ஒரு குதிரை நிற்கிறது. அய்யனார் கோயில் மண்குதிரையா என்றால் இல்லை, சாந்தாமணி கழுத்தில் தாலி கட்டப் போனபோது மாப்பிள்ளை அழைப்புக்குக் கொண்டுவந்த கிழட்டுக் குதிரையா என்றால் அதுவும் இல்லை, அது அழைப்புக்கு நடுவில் தெருவிலேயே படுத்துக்கொண்டது, மாப்பிள்ளை நடந்துதான் போனார். இந்தக் குதிரை வேறு, இது ஓடுகிற குதிரை. ஒரு பெண்பிள்ளையின் பெயருக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்? தலைக்குள் குதிரை ஓடுகிறது என்று டாக்டரிடம் சொன்னால் அவர் வேறு ஏதாவது எழுதிக் கொடுத்துவிடுவார். அப்பா தலைக்குள் லாரி ஓடியது, மகன் தலைக்குள் குதிரை ஓடுகிறது, குடும்பம் பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்ததும் அந்த நிலைமையிலும் நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் வடக்கு வளைவு முடிந்து நடுவெட்டு வந்துவிட்டது, தாண்டினார், தெற்கே தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு அடியில் ராத்திரி பெய்த மழை கொஞ்சம் தேங்கியிருந்தது. வலது பாதத்தில் சில்லென்றது. அடுத்தது இடது பாதம், அதிலும் சில்லென்றது, ஒரு நொடி தாமதம், ஆனால் சில்லென்றது. பங்குனியில் இதே இடது பாதத்தில் ஆஸ்பத்திரிப் பெண் ஐஸ் கட்டியை வைத்து, "என்ன தெரியுது சார்?" என்று கேட்டபோது, யாரோ பக்கத்து வீட்டுக் காலில் எதையோ வைத்த மாதிரி இருந்தது. இப்போது ஐப்பசி மழைத் தண்ணீர் தெரிகிறது. காலுக்குத் தெரிகிறது, தலைக்குத்தான் தெரியவில்லை. என்ன பெயர், என்ன பெயர். க-வில் ஆரம்பிக்குமா, ச-வில் ஆரம்பிக்குமா.

மாசியில் வாதம் வந்ததும் அதே மைதானத்தில்தான். டீ டம்ளர் கையிலிருந்து நழுவியது, நழுவியதை எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. நல்லவேளை, யாரோ ஒரு கல்லூரிப் பையன் வாய் கோணியிருப்பதைப் பார்த்துக் கத்தினான், லைசென்ஸ் இல்லாத ஒருவன்தான் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தான், அதுவும் நன்றாகவே ஓட்டினான் என்பதைப் பின்சீட்டில் கோணிய வாயோடு கிடந்த நாச்சிமுத்து கவனிக்கத் தவறவில்லை. நேரத்துக்குப் போனதால் ஊசி போட்டார்கள், பிழைத்தார். ஏன் வந்தது என்று டாக்டர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சாந்தாமணிதான் பதில் சொன்னாள். நடப்பாருங்களா? நடக்கறதா, தெருமுனை டீக்கடைக்கே ஸ்கூட்டரெடுப்பாருங்க. வேலை? உக்காந்துதானுங்க, காருல இடப்பக்க சீட்டு, காலடியில ஒரு பிரேக்கு, ஒரு கிளட்ச்சு, அதத்தான் மிதிப்பாருங்க. பிரஷர் மாத்திரை? நெனப்பு வந்தாப் போடுவாருங்க. புருஷனைக் காட்டிக்கொடுப்பதில் அவளுக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷமே இருந்த மாதிரி தெரிந்தது, பிறகு வராந்தாவில் போய் அழுதாள் என்று கதிர் சொன்னான். டாக்டர் இவர் பக்கம் திரும்பி, "இனிமே நடக்கணும். காலுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, தலைக்கும் சேத்துத்தான். நீங்க நடந்தாத்தான் அங்கயும் ரத்தம் ஒழுங்கா ஓடும்" என்றார். நாச்சிமுத்துவுக்கு அப்போது அப்பாவின் கட்டில் கண்ணுக்குள் வந்தது. அப்பாவை யாரும் நடக்கச் சொல்லவில்லை. காற்றுப் படக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தினார்கள், புறா ரத்தம் தேய்த்தார்கள், எழுந்திருக்கப் பார்த்தால் சித்தப்பா பதறிப்போய் அமுக்கிப் படுக்கவைப்பார். பாசம்தான். பாசத்தில் ஊட்டிவிட்டார்கள், பாசத்தில் புரட்டிவிட்டார்கள், அவர் ஒரு விரலை அசைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் செய்துவிட்டார்கள். முதலில் கால் மறந்தது, பிறகு ஊர் மறந்தது, பிறகு ஆள் மறந்தது. எது எதனால் போயிற்று என்று யார் கண்டது. ஆனால் அந்தக் கட்டிலை நினைத்தால் நாச்சிமுத்து இப்போதும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றுவிடுவார். ஓசூர் சோபாவை நினைத்தாலும்.

எட்டு நடை சாந்தாமணியின் யோசனை. கோயிலில் யாரோ சொன்னார்களாம், வாட்ஸப்பில் வேறு வந்ததாம். "நானென்ன லைசென்ஸுக்கா போறேன் எட்டுப் போட?" என்று இவர் முறைத்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் பெண்டாட்டி, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது, அவள்தான் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு மாடியேறி, தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் ஒரே இழுப்பில் ஒரு எட்டுப் போட்டாள். ஆர்.டி.ஓ. ஆபீசில் பெயிண்ட் அடித்துவைத்திருக்கிற எட்டுகூட அவ்வளவு லட்சணமாக இருக்காது. அன்றிலிருந்து தினமும் வாசல் கோலம் முடிந்ததும் மாடிக்கு வந்து எட்டைப் போடுவாள், இவர் அதன்மேல் நடப்பார், நடந்து முடித்ததும் வந்து பார்ப்பாள். ஆரம்பத்தில் இடது கால் இழுத்த இடமெல்லாம் பொடி கலைந்து, கோழி கிளறின மாதிரி கிடக்கும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னிக்குப் பரவால்லீங்க என்பாள், கூட்டுவாள், போய்விடுவாள். பிசியோதெரபிக்கு வருகிற ரெஜினா மேடம்தான் திட்டுவாள். "சார், கோட்டையே பாக்காதீங்க. கோட்டப் பாத்தா கண்ணுதான் நடக்குது, கால் நடக்கல. நேராப் பாருங்க." என்ன கொடுமை, இது நாச்சிமுத்துவின் சொந்த வசனம். சக்கரத்தைப் பாக்காத, போற எடத்தைப் பாரு, கண்ணு போற பக்கந்தான் வண்டி போகும் என்று மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தினவர் அவர். தெரியும்தான். தெரிந்தும் தலையை நிமிர்த்தினால் பயம், தரை எங்கேயோ போய்விடுகிற மாதிரி. கோடு இருந்தால்தான் கால் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாளே அந்தப் பெண், அவளைத் திட்டினோமே, பாவம், அவளுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அவள் பெயர். அவள் பெயர். அவளுடைய அப்பா கூப்பிடுவார், வேலிக்கு அப்பாலிருந்து, "பயப்படாத சாமி" என்று கூப்பிடுவார், சாமி என்றுதான் கூப்பிடுவார், அதனால்தான் பெயர் காதில் நிற்கவில்லையோ. மறுபடி தொட்டி, மறுபடி சில், சில். கீழே பட்டறையில் லாரி பாடிக்கு ஆணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், முதல் சுத்தியல் சத்தம் வந்தது, தூரத்தில் மலைக்கோட்டைப் பாறைமேல் வெளுப்பு ஏறியது, மீண்டும் நடுவெட்டு.

நடுவெட்டில் நின்றுவிட்டார். எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று தெரியவில்லை. தெற்கிலிருந்தா, வடக்கிலிருந்தா? இப்போது எந்த வளையம்? இந்தப் பக்கம் போனால் வந்த வழியிலேயே திரும்புவதா, அந்தப் பக்கம் போனால் எட்டா, பூஜ்யமா? மாடி மொத்தமும் ஒரே மாதிரி தெரிந்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது. இதுதானா அது? இப்படித்தான் வருமா? அப்பாவுக்கும் ஒருநாள் தெரிந்த ரோட்டில், தெரிந்த பிரிவில், வண்டியை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு நிமிஷம் இருந்திருக்குமா, அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாரா? சாந்தாமணியைக் கூப்பிட வேண்டும் என்று வாயைத் திறந்தார், அந்தப் பெயராவது வருமா என்று சோதித்துப் பார்க்கவே பயமாக இருந்தது, சாந்தாமணி, வந்தது, கதிர், வந்தது, ரெஜினா, எல்லாம் வந்தது. கையைக் கைப்பிடிச் சுவருக்கு நீட்டலாம் என்றால் எட்டாத தூரம். அப்போது இடது கால் நகர்ந்தது. இவர் சொல்லவில்லை. எந்தக் கால் எட்டு மாதமாக எஜமானனாக ஆட்டிவைத்ததோ, எதைத் தூக்கு தூக்கு என்று தினமும் கெஞ்சினாரோ, அந்தக் கால் யாரையும் கேட்காமல் ஒரு எட்டு முன்னால் வைத்து வடக்கு வளையத்துக்குத் திரும்பியது, வலது கால் அதன் பின்னால் போயிற்று. நாச்சிமுத்து இரண்டுக்கும் பின்னால் போனார். வளைவு சரியாக இருந்தது. சுவரோரம் வந்தபோது துளசித்தொட்டி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னார். படபடப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பெயர் கிடக்கிறது போ, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முதல் தரமாகத் தோன்றியது. மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு சுற்று வந்தார், இன்னொன்றும் வந்தார். பாறை மேலே ஒரு பக்கம் இளஞ்சிவப்பாக இருந்தது, மழை கழுவின பாறை, காற்றில் மழை வாசனையும் பட்டறையின் பெயிண்ட் வாசனையும் கலந்து வந்தது. இத்தனை வருஷம் இந்த மாடியிலிருந்து அந்தப் பாறையை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை என்று நினைத்தார்.

படியில் கொலுசுச் சத்தம் கேட்டது. சாந்தாமணி கோலப்பொடி டப்பாவோடு ஏறி வந்து, மூச்சு வாங்கியபடி நின்றாள்.

"ஏனுங்க, கோடு போட வாரதுக்குள்ளாற என்னங்க அப்புடி அவசரம்? காப்பிகூடக் குடிக்காம?"

"கோடா? இருக்குதில்ல?"

"எங்கீங்க இருக்குது? நேத்துப் போட்டதெல்லாம் ராத்திரி மழை கழுவிட்டுப் போயிருச்சு. கோடில்லாம இத்தன நேரம் எங்கீங்க சுத்திட்டிருந்தீங்க?"

நாச்சிமுத்து தலையைக் குனிந்து பார்த்தார். அவள் சொன்னது சரி, தரையில் பொடியே இல்லை. ஒரு இழை இல்லை, பெயரைத் தேடுகிற மும்முரத்தில் அவர் குனிந்தே பார்க்கவில்லை. மழை கழுவிக் காய்ந்த சிமெண்டுத் தரை. அப்படியென்றால் இவ்வளவு நேரம் எங்கே நடந்தோம், சும்மா கிறுக்கன் மாதிரி மாடியைச் சுற்றினோமா? பிறகுதான் அதைப் பார்த்தார். தொட்டிக்கு அடியில் தேங்கிய தண்ணீரை ஒவ்வொரு சுற்றிலும் மிதித்து மிதித்து, ஈரப் பாதங்கள் தரை முழுக்கப் பதிந்திருந்தன. தெற்கே ஒரு வளையம், வடக்கே ஒரு வளையம், நடுவில் வெட்டு. எட்டு. சாந்தாமணி போடுகிற எட்டு அளவுக்கு லட்சணம் இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் புடைத்திருந்தது, ஆனால் பிரேக் இன்ஸ்பெக்டர் எவனும் மறுக்க முடியாத எட்டு. வலது பாதம் முழுசாக இருந்தது. இடது பாதம் சற்றே வெளியே பார்த்துத் திரும்பியிருந்தது, ஆனாலும் குதிகால் தனியாக, விரல்கள் தனியாகப் பதிந்திருந்தன. இழுத்த தடம் இல்லை. நடுவெட்டில் மட்டும், அவர் நின்று திணறிய இடத்தில், ஈரம் ஒன்றாகச் சேர்ந்து குழம்பியிருந்தது. அதைத் தாண்டியதும் மறுபடி தெளிவாகப் போயிற்று. சாந்தாமணியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தினமும் பொடி கலைந்ததைப் பார்த்துப் பழகிய கண், ஒவ்வொரு தடமாகப் பார்த்துக்கொண்டே போய்ச் சுவரோரம் நின்றது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இன்னிக்குப் பரவால்லீங்க என்று சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"ஏனுங்க, நேத்து வந்துச்சில்ல அந்தப் புள்ள, அது பேரென்னங்க?"

நாச்சிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சோதிக்கிறாள். கதிர் சொல்லிக்கொடுத்திருப்பான். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கடகடவென்று கொட்டினாள்.

"ராத்திரிப் பூராத் தூங்கலீங்க. முன்னெல்லாம் தெனமும் வரும், நாந்தான் மோர் கலந்து குடுப்பேன். நேத்து வாசல்வரைக்கும் போயிக் கன்னத்தத் தடவி வழியனுப்பறேன், பேரு வரமாட்டீங்குது. எங்கம்மாளுக்குக் கடைசில வந்த மாதிரி எனக்கும் வந்துருச்சோன்னு ஒரே பயமாப் போச்சுங்க. எனக்கு ஒண்ணுன்னா உங்களை ஆரு பாக்கறது? உங்களைக் கேட்டா நீங்களும் பயந்துக்குவீங்கன்னு கேக்கவுமில்ல."

ஒரே கட்டிலில், ஒரே இருட்டில், ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ராத்திரி முழுக்க ஒரே பெயரைத் தேடியிருக்கிறார்கள். இவர் தூங்குகிறார் என்று அவளும், அவள் தூங்குகிறாள் என்று இவரும் அசையாமல் கிடந்திருக்கிறார்கள். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வாய்விட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"எனக்குந் தெரியல புள்ள. அதுக்குத்தான் விடியறதுக்குள்ள மேல ஓடியாந்தேன். பேரு வரலீன்னா இன்னிக்கே உன்ர கிட்டச் சொல்லிப்போட்டு ஓசூருக்கு மூட்டை கட்டிரலாம்னு இருந்தேன்."

"நெசமாவா?"

"பின்ன?"

"அட போங்க நீங்க!" என்று அவரைத் தோளில் ஒரு அடி அடித்தாள், இடது தோளில், வலித்தது, வலித்ததும் சந்தோஷமாக இருந்தது. அவளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "ஓசூராம் ஓசூரு. அந்த ஊட்டுல வாசலே இல்ல, நான் எங்க போயிக் கோலம் போடறது? பேரு வரலீன்னா வரல. ரெண்டு பேருக்கும் வயசாச்சு. போன் போட்டு ஸ்கூலப் பாத்துக்கற மாப்பிள்ளையக் கேட்டுப்புடலாமுங்களா?"

"வேண்டாம். கால ஊனக்கூடாது."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. வரும், விடு."

"பொடி போடட்டுங்களா அப்ப?"

"வேண்டாம். அந்த டப்பாவை அக்கட்டால வெய்யி. இன்னும் ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு வந்தர்றேன்."

அவள் தொட்டியோரம் கவிழ்த்துவைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மைதான ஓரத்தில் நிற்கிற ஆள் மாதிரி முழங்காலில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து பார்த்தாள். ஈரத் தடங்கள் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியிருந்தன, இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவும் இருக்காது. நாச்சிமுத்து குனியவில்லை. தண்ணீரை மிதித்தார், சில், சில், இரண்டு காலிலும் ஒரே சமயத்தில் சில்லென்ற மாதிரிகூட இருந்தது, அது அவருடைய ஆசையாகவும் இருக்கலாம். தெற்கு வளைவு. வெயில் முகத்தில் பட்டது. ராத்திரியிலிருந்து ஓடிக்கொண்டிருந்த குதிரை மறுபடி வந்தது, இந்தத் தடவை அதை விரட்டவில்லை, வந்தால் வரட்டும் என்று விட்டார். அது நன்றாகவே ஓடியது, அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், கையில் வாள், முதுகில் துணியால் கட்டிய குழந்தை, பள்ளிக்கூடப் புத்தகத்துப் படம். நடுவெட்டில் கால் நிற்கவில்லை. கடந்து அந்தப் பக்கம் இறங்கும்போது தன் குரலே மைதானத்தில் கேட்டது, ஏம்மா, குதிரை ஓட்டின ராணி பேரை வெச்சுக்கிட்டு ஒரு ஸ்கூட்டிக்கு இந்தப் பயம் பயப்படறியே! எல்லாரும் சிரித்தார்கள், மஞ்சள் துப்பட்டாக்காரி சிரித்தாள், கண்ணைத் திறந்தாள், வண்டி வளைந்தது.

ஜான்சி.

வாளியின் மேல் உட்கார்ந்திருந்த சாந்தாமணி அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க?" என்றாள். நாச்சிமுத்து கையை மட்டும் உயர்த்தி, இரு என்று காட்டினார். அவசரம் ஒன்றுமில்லை, பெயர் எங்கேயும் போய்விடாது. எட்டை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று வடக்கு வளைவில் திரும்பினார்.